படமும் பத்திரிகை மேசையும்: 1972ஆம் ஆண்டின் போர்ப்படம் ஒன்றை முன்னிறுத்திய வரலாற்று நோக்கு

பத்திரிகையில் வெளிவரும் புகைப்படத்தை வாசகர் பெரும்பாலும் சான்றாகவே ஏற்றுக்கொள்கின்றனர். எழுத்தில் வரும் செய்தியை ஐயுறுவோர் கூடப் படத்தை ஐயுறத் தயங்குவர். நிருபர் தம் விருப்பு வெறுப்புகளைச் செய்தியிற் கலந்திருக்கலாம். கமெராவுக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்பது பொதுவான எண்ணமாகும். ஆயின், படமெடுக்கப்பட்ட கணத்துக்கும் அது வாசகன் கையை அடையும் காலைப்பொழுதுக்கும் இடையில் ஒரு மேசை இருக்கின்றது. சுருளிலுள்ள பல படங்களுள் ஒன்றை அங்கே ஒருவர் தெரிகின்றார். ஒருவர் அதன் ஓரங்களை வெட்டுகின்றார். ஒருவர் அதன் கீழ் இரண்டு வரி எழுதுகின்றார். ஒருவர் அதனை எப்பக்கத்தில் எவ்வளவு பெரிதாக இடுவது எனத் தீர்மானிக்கின்றார். பத்திரிகைப் புகைப்படத்தின் ஒழுக்கநெறி பற்றிய வரலாறு பெரும்பகுதியும் இம்மேசையின் வரலாறே எனலாம்.

அவ்வரலாற்றை முழுமையாக எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1972ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆந் திகதி தென்வியட்நாமில் எடுக்கப்பட்ட ஒரேயொரு படத்தை நடுவாக வைத்து, ஆசிரியபீடத்தின் அதிகாரம் எத்தகையது, அவ்வதிகாரத்தோடு சேர்ந்து வரும் கடமை யாது என்பவற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். எரிகாயங்களுடன் ஆடையின்றி வீதியில் ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமியின் படம் அது. உலகில் மிகப் பலரால் பார்க்கப்பட்ட போர்ப்படங்களுள் அது ஒன்று. அப்படம் பற்றிய விவாதம் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை என்பதே அதனை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணமாகும்.

1. அரசின் தணிக்கையிலிருந்து ஆசிரியரின் தெரிவுக்கு

புகைப்படத்தை நேரடியாகப் புள்ளிமுறையில் அச்சிடும் வழக்கம் நாளேடுகளிற் புகுந்ததன் தொடக்கமாக, 1880ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4ஆந் திகதி நியூயோர்க்கின் டெய்லி கிராபிக் வெளியிட்ட படத்தைக் குறிப்பிடுவது மரபு. அதன்பின் வந்த இரு உலகப் போர்களிலும் எப்படம் மக்கள் கண்ணிற் படலாம், எது படலாகாது என்பதை முடிவு செய்தோர் பத்திரிகை ஆசிரியர் அல்லர், அரசுகளே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கி ஏறத்தாழ இரண்டாண்டுகள் வரை, இறந்துகிடக்கும் அமெரிக்கப் போர்வீரரின் படங்கள் வெளியிடப்படாமல் வைக்கப்பட்டிருந்தன. நியூகினியில் பூனா கடற்கரையில் வீழ்ந்து கிடந்த மூவரை ஜோர்ஜ் ஸ்ற்றொக் எடுத்த படம், 1943ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 20ஆந் திகதியே லைஃப் சஞ்சிகையில் வெளிவந்தது. அதனை வெளியிடலாம் என்ற இசைவும் அரசின் மேன்மட்டத்திலிருந்தே வரவேண்டியிருந்தது.

வியட்நாம் போரில் நிலைமை வேறுபட்டது. படையணிகளின் நகர்வு முதலிய சிலவற்றை வெளியிடாதிருக்க நிருபர்கள் உடன்படவேண்டியிருந்ததேயன்றி, செய்திகளையும் படங்களையும் முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் முறையான தணிக்கையை அமெரிக்கப் படைத்தலைமை அங்கு நிறுவவில்லை. இதன் விளைவு யாதெனில், முன்னர் தணிக்கை அதிகாரியின் தோளிற் கிடந்த சுமை ஆசிரியரின் தோளுக்கு மாறியது என்பதாகும். தடுப்பவர் அரசு என்றிருந்த காலத்தில் ஆசிரியர் தம்மைச் சுதந்திரத்தின் காவலராக மட்டும் எண்ணிக்கொள்ள முடிந்தது. அரசு விலகியபோது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்னும் வினாவுக்கு அவரே விடை கூறவேண்டியவரானார்.

2. இரு முன்னிகழ்ச்சிகள்

1972ஆம் ஆண்டின் படத்தை நோக்குமுன், அதற்கு முற்பட்ட இரு நிகழ்ச்சிகளை நினைவுகூர்தல் பொருத்தமானது.

1968ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1ஆந் திகதி, சைகோன் வீதியொன்றில் தென்வியட்நாமின் காவற்படைத் தலைவர் நுயென் நொக் லோவான், கைகள் கட்டப்பட்ட கைதியொருவரைச் சுட்டுக்கொன்றதை அசோசியேற்றட் பிரஸ் செய்தித் தாபனத்தைச் சேர்ந்த எடி அடம்ஸ் படமெடுத்தார். மறுநாள் நியூயோர்க் ரைம்ஸ் அதனை முதற்பக்கத்தில் இட்டது. ஆயினும் தனித்து இடவில்லை. எதிர்த்தரப்பினரால் கொல்லப்பட்ட தம் குழந்தையின் உடலைத் தாங்கிவரும் தென்வியட்நாம் அதிகாரி ஒருவரின் படத்தையும் அதே பக்கத்திற் சேர்த்து இட்டது. ஒரு படம் சொல்வது உண்மையாயினும் அது முழு உண்மை ஆகாது என்ற உணர்வு அங்கே செயற்பட்டது. பிற்காலத்தில், தமது படம் அத்தளபதியின் வாழ்வை அழித்துவிட்டதென்றும் படங்கள் பாதி உண்மையையே கூறுகின்றன என்றும் அடம்ஸ் வருந்தி எழுதியமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது நிகழ்ச்சி 1971ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் டாக்காவில் நடைபெற்றது. வங்காளதேசம் விடுதலையடைந்த சில நாட்களுள், பொதுமைதானமொன்றிற் பெருந்திரளான மக்கள் முன்னிலையில், பிடிபட்டவர்கள் சிலர் துப்பாக்கி முனை ஈட்டிகளாற் குத்திக் கொல்லப்பட்டனர். கமெராக்கள் இருப்பதாலேயே இக்கொலை நிகழ்கின்றதோ என்ற ஐயம் அங்கிருந்த படப்பிடிப்பாளருட் சிலருக்கு எழுந்தது. மார்க் றிபூ முதலிய சிலர் படமெடுக்காது விலகிச் சென்றனர். அசோசியேற்றட் பிரஸ் சார்பில் நின்ற ஹோர்ஸ்ற் ஃபாஸ், மிஷேல் லோரன் ஆகிய இருவரும் நின்று படமெடுத்தனர். 1972ஆம் ஆண்டின் புலிற்சர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. விலகியவர்கள் கொலைக்குத் துணைபோகாமையைத் தேர்ந்தனர். நின்றவர்கள் சாட்சி கூறுதலைத் தேர்ந்தனர். இவ்விரு நிலைப்பாடுகளுள் ஒன்றை முற்றாகத் தள்ளிவிடுதல் எளிதன்று. சில மாதங்களின் பின் சைகோனில் அந்த மேசைக்குத் தலைமை தாங்கியவர் இதே ஃபாஸ் என்பது குறிப்பிடத்தக்கது.

3. டிராங் பாங்

1972ஆம் ஆண்டு யூன் மாதமளவில் அமெரிக்கத் தரைப்படைகளின் பெரும்பகுதி வியட்நாமிலிருந்து வெளியேறிவிட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் வடவியட்நாம் தொடங்கிய பெருந்தாக்குதலைத் தென்வியட்நாமின் படைகள் எதிர்கொண்டிருந்தன. சைகோனுக்கு வடமேற்கே முதலாம் இலக்க நெடுஞ்சாலையில் அமைந்த டிராங் பாங் கிராமத்திற் சில நாட்களாகச் சண்டை நடைபெற்றது. ஊர்மக்கள் பலர் அங்கிருந்த காவோ டாய் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தனர்.

யூன் 8ஆந் திகதி, தென்வியட்நாம் விமானப்படையின் ஸ்கைறெய்டர் விமானமொன்று தவறுதலாகத் தன் பக்கத்து மக்கள் மீதும் படையினர் மீதும் நேபாம் குண்டுகளை வீசியது. வீதியில் நின்ற பல நாட்டு நிருபர்களும் படப்பிடிப்பாளரும், புகைக்குள்ளிருந்து சிறுவர்கள் ஓடிவருவதைக் கண்டனர். அவர்களுள் ஒருத்தி கிம் ஃபூக். எரிந்த ஆடையைக் களைந்தெறிந்துவிட்டு, முதுகிலும் கையிலும் தோல் வெந்த நிலையில் அவள் ஓடிவந்தாள். அவளுடைய உறவினரான சிறு குழந்தைகள் இருவர் இறந்தனர்.

அசோசியேற்றட் பிரஸ்ஸின் இளம் படப்பிடிப்பாளரான நிக் ஊட் எனப்படும் ஹுயின் கொங் ஊட் அங்கிருந்தார். அப்போது அவருக்கு வயது 21. அதே தாபனத்திற் படப்பிடிப்பாளராக இருந்த அவருடைய தமையன் 1965ஆம் ஆண்டு போர்க்களத்தில் உயிரிழந்திருந்தார். ஊட் காயமுற்ற சிறுவரைத் தமது வாகனத்தில் ஏற்றிக் கூச்சி என்னுமிடத்திலுள்ள வைத்தியசாலையிற் சேர்த்துவிட்டே சைகோன் திரும்பினார். பின்னர் சைகோனிலுள்ள விசேட சிகிச்சை நிலையத்துக்கு மாற்றப்பட்ட கிம் ஃபூக், 14 மாதங்கள் அங்கு தங்கிப் பல சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்டு உயிர் பிழைத்தாள். படமெடுப்பவன் முதலில் மனிதனா, சாட்சியா என்று வினவுவோர் இரண்டுமாக இருத்தல் இயலும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

4. விதியும் விலக்கும்

சுருள்கள் சைகோன் பணிமனையிற் கழுவப்பட்டன. ஆடையற்ற உடலை, சிறப்பாக முன்புறமாகத் தோன்றும் உடலை, அனுப்பலாகாது என்பது அக்காலத்தில் அசோசியேற்றட் பிரஸ் கைக்கொண்ட விதி. அதன்படி அன்று பணியிலிருந்த படப்பிரிவு ஆசிரியர் இப்படத்தை விலக்கினார். அவரது முடிவை நாம் இழிவாகக் கருதுவதற்கில்லை. அவர் விதியைக் காத்தார். அவ்விதியும் மனிதரின் மானத்தைக் காக்கும் நோக்குடையதே.

வெளியே சென்றிருந்த ஃபாஸ் திரும்பிவந்து படத்தைப் பார்த்தார். அதனை அனுப்பியே ஆகவேண்டும் என்றார். நியூயோர்க் தலைமைப் பணிமனையுடன் ரெலெக்ஸ் வழியாக வாதாட்டம் நடைபெற்றது. அங்கு படப்பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ஹால் பூயல், இப்படத்தின் செய்திப் பெறுமதி விதியைவிட மேலானது என்பதை ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஒரு நிபந்தனை வகுக்கப்பட்டது. சிறுமியை மட்டும் பிரித்தெடுத்து அண்மைப்படமாக அனுப்பலாகாது என்பதே அது. இதன்பின்னர் படம் வானொலி அலைவழியே ரோக்கியோவுக்கும் அங்கிருந்து நியூயோர்க்குக்கும் சென்றது.

இந்நிபந்தனை சிறியதாகத் தோன்றினும் அதன் உட்பொருள் பெரிது. சிறுமியைத் தனியே வெட்டியெடுத்தால் எஞ்சுவது ஓர் ஆடையற்ற குழந்தையின் உடல் மட்டுமே. வீதி, மற்றைச் சிறுவர், பின்னால் நடந்துவரும் படையினர், அடிவானை மூடிய கரும்புகை ஆகியன சேர்ந்தபோதே அவளது ஆடையின்மைக்குக் காரணம் புலப்படுகின்றது. காரணம் புலப்படும்போதே பார்ப்பவனின் நோக்கும் மாறுகின்றது. எனவே, விதியை மீறியோர் அவ்விதியின் நோக்கத்தை மீறவில்லை என்பது எமது துணிபு. விதியின் சொல்லைத் தளர்த்தி, அதன் பொருளை நிபந்தனை வடிவிற் காத்தனர். ஆசிரியபீடக் கட்டுப்பாடு என்பது தடுத்தல் மட்டுமன்று, எவ்வாறு காட்டுவது என்பதை வரையறுத்தலுமாகும் என்பதை இது தெளிவாக்குகின்றது.

5. பக்கமும் படக்குறிப்பும்

மறுநாள் யூன் 9ஆந் திகதி நியூயோர்க் ரைம்ஸ் இப்படத்தை முதற்பக்கத்தில் வெளியிட்டது. குண்டு வீசியது தென்வியட்நாம் விமானம், அது தவறுதலாக நிகழ்ந்தது, சிறுமி எரியும் ஆடையைக் கிழித்தெறிந்தாள் என்னும் மூன்று செய்திகளையும் படக்குறிப்பு தெரிவித்தது. இம்மூன்றும் இன்றிப் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவற்றுள் எதுவும் விளங்கியிருக்காது. காலப்போக்கிற் படம் உலகெங்கும் பரவியது; குறிப்போ பின்தங்கிவிட்டது. அமெரிக்க விமானமே அக்குண்டை வீசியதென்ற எண்ணம் பலரிடம் நிலைபெற்றமைக்கு இதுவே காரணமாகும். போரில் அமெரிக்காவின் பெரும்பொறுப்பு வேறு விடயம்; அன்றைய விமானம் யாருடையது என்பது வேறு விடயம். குறிப்பை இழந்த படம் உண்மையின் ஒரு பகுதியையும் இழந்துவிடுகின்றது.

பெரும்பாலும் வெளியிடப்பட்ட வடிவில் படத்தின் வலது ஓரம் வெட்டப்பட்டுள்ளது. முழுப்படத்தில் அவ்வோரத்தில், தம் கமெராவைக் கவனித்தபடி நிற்கும் படப்பிடிப்பாளர் ஒருவர் காணப்படுகின்றார். வெட்டியதால் சிறுவர்பால் பார்வை குவிகின்றது. ஆயின் அவ்விடத்திற் கமெராக்கள் பல நின்றன என்ற உண்மை வாசகனுக்கு மறைகின்றது. இது பொய்யன்று. ஆனால் மேசையில் நிகழும் சிறு வெட்டுங்கூட ஒரு கூற்றே என்பதை இதனால் அறிகின்றோம்.

படத்தின் மெய்ம்மையும் வினாவுக்கு உள்ளாயிற்று. யூன் 12ஆந் திகதி அமெரிக்க சனாதிபதி நிக்சன் தம் உதவியாளர் ஹால்டெமனுடன் உரையாடுகையில், இப்படம் செயற்கையாகச் செய்யப்பட்டதோ என ஐயுற்றமை, பின்னாளில் வெளியான ஒலிப்பதிவுகளால் தெரியவந்தது. அவ்வீதியில் நின்ற தொலைக்காட்சிக் குழுவினர் அதே நிகழ்ச்சியை அசையும் படமாகப் பதிவு செய்திருந்தமையால் அவ்வையத்துக்கு இடமில்லை. 1973ஆம் ஆண்டு இப்படம் புலிற்சர் பரிசையும் உலகப் பத்திரிகைப் புகைப்பட நிறுவனத்தின் பரிசையும் பெற்றது.

6. படத்தில் உள்ளவர்

இதுகாறும் படமெடுத்தோர், தெரிந்தோர், வெளியிட்டோர் ஆகியோரையே நோக்கினோம். படத்தில் உள்ளவரின் நிலை யாது? அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படப்பிடிப்பாளரின் தேசிய சங்கம் 1946ஆம் ஆண்டு தோன்றியது. அதன் ஒழுக்கக் கோவை, படமெடுக்கப்படுவோரை மதிப்புடன் நடத்தவேண்டும் என்றும், தனிப்பட்ட துயரவேளைகளிற் புகுவது பொதுமக்கள் அதனை அறியவேண்டிய நியாயமான தேவை இருக்கும்போது மட்டுமே தகும் என்றும் கூறுகின்றது. டிராங் பாங் படம் இவ்வளவையிற் தேறுகின்றது என்றே பலரும் கொள்வர். ஆயினும் அச்சிறுமியின் இசைவை எவரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

வளர்ந்தபின் கிம் ஃபூக் இதுபற்றிப் பலமுறை பேசியுள்ளார். இளமையில் அப்படத்தைத் தாம் வெறுத்ததாகவும், தம் உடலை உலகம் பார்த்ததையிட்டு நாணியதாகவும், காலஞ்செல்ல அதனுடன் இணங்கி வாழக் கற்றுக்கொண்டதாகவும் அவர் கூறினார். வியட்நாம் அரசு தம்மைப் பிரசாரச் சின்னமாகப் பயன்படுத்தியதால் தமது மருத்துவக் கல்வி தடைப்பட்டதென்றும் அவர் தெரிவித்துள்ளார். 1992ஆம் ஆண்டு கனடாவிற் புகலிடம் பெற்ற அவர், 2022ஆம் ஆண்டு, படத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த வேளையில், அப்படத்தின் பெயரால் தாம் இனியும் அழைக்கப்பட விரும்பவில்லை என எழுதினார். ஆசிரியரின் முடிவு சரியானதே என்று நாம் கொண்டாலும், அதற்குரிய விலையைக் கொடுத்தவர் ஆசிரியர் அல்லர் என்பதை மறத்தலாகாது.

7. ஆளற்ற மேசை

2016ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் பழைய விதி புதிய வடிவில் மீண்டும் எழுந்தது. நோர்வே நாட்டு எழுத்தாளர் ரொம் எகெலன்ட் போர்ப்படங்கள் பற்றிய குறிப்பொன்றில் இப்படத்தைச் சேர்த்து வெளியிட, பேஸ்புக் நிறுவனம் ஆடையற்ற உடல் என்னும் காரணத்தால் அதனை நீக்கியது. இதனைச் செய்தியாக வெளியிட்ட ஒஸ்லோ நாளேடான ஆஃப்ரன்போஸ்ரனின் பதிவும், அந்நாட்டுப் பிரதமர் ஏர்னா சூல்பேர்க்கின் பதிவும் நீக்கப்பட்டன. 9ஆந் திகதி அந்நாளேட்டின் பிரதம ஆசிரியர் எஸ்பென் எகில் ஹான்சன் முதற்பக்கத்தில் அப்படத்தை இட்டு, நிறுவனத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அன்றே நிறுவனம் தன் முடிவை மாற்றிப் படத்தை மீள அனுமதித்தது.

1972இலும் 2016இலும் விதி ஒன்றே, தடையும் ஒன்றே. வேறுபாடு யாதெனில், 1972இல் அதே பணிமனையுள் விதியை எதிர்த்து வாதாடுவதற்கு ஒருவரும், அவ்வாதத்தைக் கேட்டு முடிவுசெய்யும் பொறுப்புடைய ஒருவரும் இருந்தனர். 2016இல் நாடொன்றின் தலைநகரிலிருந்து கூக்குரல் எழுந்த பின்பே அத்தகைய ஒருவர் தோன்றினார். விதி வேண்டும், விதியின் நோக்கத்தை அறிந்து அதனைத் தளர்த்தவல்ல மனிதரும் வேண்டும்.

8. பெயர் யாருடையது?

2025ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அமெரிக்காவில் நடைபெற்ற சண்டான்ஸ் திரைப்பட விழாவிற் காட்டப்பட்ட ஆவணப்படமொன்று, நாம் இதுகாறும் கூறிய வரலாற்றின் ஒரு தூணையே அசைத்தது. படத்தை எடுத்தவர் நிக் ஊட் அல்லர். அன்று அவ்வீதியில் நின்ற, நிரந்தர உத்தியோகமின்றிப் படங்களை விற்றுவந்த நுயென் தான் நே என்பவரே என்பது அதன் கூற்று. சைகோன் படப்பிரிவிற் பணியாற்றிய கார்ல் றொபின்சன், ஃபாஸின் பணிப்பின் பேரிலேயே தாம் ஊட்டின் பெயரைக் குறிப்பில் இட்டதாகக் கூறினார். ஊட் இதனை முற்றாக மறுத்தார். ஃபாஸ் 2012ஆம் ஆண்டு காலமாகிவிட்டதால் அவரிடம் வினவ வழியில்லை.

அசோசியேற்றட் பிரஸ் தானே ஆய்வு நடத்தி, அதே ஆண்டு மே மாதத்தில் விரிவான அறிக்கையை வெளியிட்டது. வினாக்கள் சில எஞ்சியிருப்பினும், பெயரை மாற்றுவதற்குப் போதிய உறுதியான சான்று இல்லை என அது முடிவு செய்தது. அதே மாதத்தில் உலகப் பத்திரிகைப் புகைப்பட நிறுவனமோ, நின்ற இடம், தூரம், கமெரா ஆகியவற்றை ஆராய்ந்து, படமெடுத்தவர் இன்னாரென்னும் குறிப்பை இடைநிறுத்தியது. படத்தின் மெய்ம்மையையும் அதற்களித்த பரிசையும் அது மாற்றவில்லை. ஒரே சான்றுகளை நோக்கிய இரு நிறுவனங்கள் இருவேறு முடிவுகளை அடைந்தன. இவற்றுள் எது சரியென்று தீர்ப்பளிப்பது எமது வேலையன்று.

ஆயினும் இதிலிருந்து பெறப்படும் படிப்பினை ஒன்றுண்டு. படத்தின் கீழ் வரும் பெயரும் மேசையிலேயே எழுதப்படுகின்றது. வெளிநாட்டுச் செய்தித் தாபனங்கள் போர்க்களங்களில் உள்ளூர்ப் படப்பிடிப்பாளரையே பெரிதும் நம்பியிருந்தன. அவர்களுட் பலர் சுருளை விற்றுப் பணம் பெற்றுச் சென்றனர். அவர்களின் பெயர் அச்சேறுமா என்பது பிறர் கையில் இருந்தது. சிறுமியின் மானத்தைக் காக்க அத்துணை நுட்பமாக வாதாடிய மேசை, எவருடைய சுருள் எதுவென்பதை எவரும் ஐயுற இயலாதவாறு பதிந்து வைக்கவில்லை. இன்று நினைவுக்கு எதிராக நினைவு நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பத்திரிகைப் புகைப்படத்தின் ஒழுக்கநெறி கமெராவுடன் தொடங்கினும் அதனுடன் முடிவதில்லை என்பது பெறப்படும். தெரிவு, வெட்டு, குறிப்பு, பக்கம், பெயர் ஆகிய ஐந்தும் ஆசிரியபீடத்தின் கையில் உள்ளன. 1972ஆம் ஆண்டு யூன் 8ஆந் திகதி அப்பீடம் விதியொன்றை மீறியது. அம்மீறல் சரியானது என்றே நாம் கருதுகின்றோம். ஏனெனில் அது காரணத்தோடும் நிபந்தனையோடும் செய்யப்பட்டது. ஆயின் அக்காரணத்தையும் அன்றைய முடிவுகளையும் நாம் பெரும்பாலும் பிற்கால நினைவுகளின் வழியாகவே அறிகின்றோம். விதியை மீறும் அதிகாரம் உடையோர், மீறியதன் காரணத்தையும் படத்தின் வரலாற்றையும் எழுதிவைக்கும் கடமையும் உடையோராவர். அக்கடமை தவறியவிடத்து, அரை நூற்றாண்டின் பின்னர் ஒரு மனிதரின் வாழ்நாட் புகழோ, இன்னொருவரின் வாழ்நாள் உரிமையோ ஐயத்துக்குள்ளாகின்றது.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது எம்மவர் முதுமொழி. டிராங் பாங் வீதியில் அச்சிறுமி ஓடிவந்தமை மெய். அதனை உலகம் கண்டமை நன்று. அதனை எமக்குக் காட்டியோர் எவ்வாறு காட்டினர், எவர் பெயராற் காட்டினர் என்று விசாரித்தல், படத்தை ஐயுறுவதன்று. அப்படத்துக்கும் அதிலுள்ளவர்க்கும் நாம் செலுத்தவேண்டிய மதிப்பேயாகும்.